வெந்நீரக்காவின் கடல்

முழங்கையால்தான் அழைப்பு மணியை அழுத்துவார். கதவைத் திறந்தால் உள்ளே வரமாட்டார். கழுவிய கைகள் இரண்டையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்று, "தம்பி, ஏணி வேணும். நீங்க எடுத்து வெளிய வச்சிடுங்க, நான் கழுவி எடுத்துக்கறேன்" என்பார். திருப்பித் தரும்போதும் கழுவித்தான் தருவார். எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிறோம். என் கையால் ஒருநாளும் குளிக்காத என் ஏணி, அவர் புண்ணியத்தில் என்னைவிடச் சுத்தமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு வெந்நீரக்கா என்று பெயர். சட்டையில் கறையா, வெந்நீர். தொண்டைக் கட்டா, வெந்நீர். யாராவது மனசு நொந்து அவரிடம் புலம்பப் போனாலும் முதலில் கையில் ஒரு டம்ளர் வெந்நீரைத் திணிப்பார். இந்தப் பெயரை வைத்ததே அவருடைய நாத்தனார்தான் என்பது அவருக்கும் தெரியும். "பேர் வச்சாளே, அந்த வாயைத்தான் முதல்ல வெந்நீர்ல போடணும்" என்று சிரிப்பார்.

ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை அவருடைய ராஜ்யம். ரத்தமும் சதையுமாக வந்து இறங்கும் கத்திகளையும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் தேய்த்து, அலசி, துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்குவார். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற பட்டையில் வெளிறிய கோடுகள் இருக்கும். ஆவியில் சரியாக வெந்திருந்தால் அந்தக் கோடுகள் கறுத்துவிடும். "கோடு கறுக்கலைன்னா பெரிய டாக்டரே வந்து கேட்டாலும் குடுக்கமாட்டேன் தம்பி. அவர் கத்திட்டுப் போயிடுவாரு. உள்ள போன கிருமி போகுமா?" அவர் கட்டிய பொட்டலத்தால் எந்த நோயாளிக்கும் சீழ் பிடித்தது கிடையாது. இதை அவர் பெருமையாகக்கூடச் சொல்லமாட்டார், வானிலை சொல்வதுபோலச் சொல்வார்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் "சரிம்மா". அண்ணனுக்கு விட்டுப்போன பேச்சையெல்லாம் சேர்த்து அவருடைய தங்கை பேசுவாள். அக்கா அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வாயாடிக்கு வேலையே வாய்தான். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, காதில் மாட்டிய கருவியில், யாரோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்கத் தேனாகப் பதில் சொல்வாள். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க சார்" என்று உருகிவிட்டு, அடுத்த நொடி ஒலியை அணைத்து, "அண்ணி, அந்தாளு ஒரு அரைவேக்காடு" என்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. இழுப்பு மருந்துக் குப்பி எப்போதும் கணினிக்குப் பக்கத்தில் இருக்கும். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நாள் தவறாமல் வாய்ச்சண்டை நடக்கும். யாராவது ஒருத்தி ஊருக்குப் போய்விட்டால் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட வெந்நீரக்கா கடல் மீன் வளர்க்கப் போகிறார் என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிக்கட்டில் பூனை நடந்தால்கூடப் படியைக் கழுவுகிறவர் அவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வண்ண மீன் கடை இருக்கிறது. வேலை முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்கையில், கண்ணாடிக்கு உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று, முட்டையிடப் போகும் கல்லை வாயாலேயே கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்ததாம். "துணி இல்ல, பிரஷ் இல்ல. வாயாலயே துடைக்குதுங்க தம்பி! மறுநாள் பார்த்தேன், மறுபடியும் அதே கல்லைத் துடைக்குது. நம்ம ஆளுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த பூரிப்பு இருந்தது.

தொட்டி வந்தது. உப்பு வந்தது. சமையல் உப்பு இல்லை, கடல் தண்ணீர் செய்வதற்கென்றே விற்கிற உப்பு. வாளியில் கரைத்து, அடர்த்தி பார்த்து ஊற்றினார். பிறகு கடல் கற்கள் வந்தன. பொத்தல் பொத்தலாக, ஊதாவும் பழுப்புமாக, உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சுமந்துகொண்டிருக்கும் கற்கள். அதற்குப் பிறகு மீன் வரும் என்று நினைத்துப் பார்க்கப் போனேன். தொட்டிக்குள் ஒரு பச்சை இறால் கிடந்தது. செத்த இறால். வேண்டுமென்றே போட்டு அழுக விட்டிருந்தார்.

"அக்கா, நீங்களா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"நானேதான்" என்றார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கம். "இது அழுகினாத்தான் தண்ணியில விஷம் ஊறும். விஷம் ஊறினாத்தான் அதைத் தின்ன ஒரு கிருமி வரும். அது தின்னுட்டு விடறது இன்னொரு விஷம். அதைத் தின்ன இன்னொரு கிருமி. ரெண்டும் பெருகிக் கல்லுல குடித்தனம் பண்ணினாத்தான் மீன் பிழைக்கும். அதுவரைக்கும் மீனை விட்டா, அது போடற கழிவே அதைக் கொன்னுடும். ஆஸ்பத்திரில கிருமியைக் கொன்னதுக்கெல்லாம் வீட்டுல வளர்த்துக் கழிக்கிறேன்னு வச்சுக்கங்க."

மேசையிலிருந்து வாயாடி குரல் கொடுத்தாள். "கேட்டீங்களா? நான் தட்டைக் கழுவாம வச்சா ஊரைக் கூட்டுவாங்க. இறால் அழுகினா அது படிப்பாம்."

தினமும் வேலைக்குப் போகுமுன் சின்னக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். பச்சை காட்டினால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. கோடு கறுக்கக் காத்திருந்து பழகியவருக்கு இந்தக் காத்திருப்பு கைவந்த கலை. மற்றதுதான் கஷ்டம். கண்ணாடியில் பழுப்பாக ஒரு பாசி படர்ந்தது. அது வரும், தானே போகும், தொடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்கா தொட்டிக்கு எதிரே இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். துணி எடுத்துத் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மீன் இல்லாத தொட்டியை இந்த மாதிரி முறைத்துப் பார்க்கும் ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வருவேன்.

ஒருநாள் மஞ்சள் வந்தது. மறுநாளும் மஞ்சள். அக்கா என் வீட்டு மணியை அடித்து, "தம்பி, குடித்தனம் செட்டாயிடுச்சு!" என்றார். அந்த வாரமே மீன் வாங்குவதாக இருந்தது.

அப்போதுதான் பெரிய கல்லில் அவை மலர்ந்தன. வாங்கி வரும்போது அந்தக் கல்லின் மேல் தோல் மாதிரி ஏதோ சுருங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். தண்ணீர் தேறத் தேற அந்தத் தோலிலிருந்து சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பும் பச்சையுமாக, ஓரத்தில் மயிர் வைத்த பூக்கள் விரிந்தன. நான் அழகு என்றேன். கடைக்காரரிடம் படத்தை அனுப்பியதற்கு அவர், "அது பூ இல்லீங்க, உயிர்ப் பிராணி. எல்லாக் கல்லுலயும் பரவிடும். அந்தக் கல்லை மட்டும் வாளியில எடுத்து வையுங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து வாங்கிக்கிட்டு வேற கல்லு தர்றேன்" என்றாராம்.

எடுத்து வையுங்கள் என்றுதான் சொன்னார். யாராக இருந்தாலும் எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். ஆனால் வழுவழுவென்று, நாற்றத்தோடு, உயிருள்ள எதையோ சுமந்துகொண்டிருக்கும் ஒரு பொருளை அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பதா? வெந்நீரக்கா தன் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை. ஞாயிறு காலை அவர் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, கல்லை உள்ளே இறக்கி, மூடி போட்டுக் கொதிக்க வைத்தார்.

கொடுத்திருந்த ஏணியைத் திரும்ப வாங்கப் போன நான் சமையலறை வாசலில் நின்றேன். "கடைக்காரர் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிக் குடுத்துடலாம்னு" என்று மூடியைத் திறந்தார். ஆவி குப்பென்று மேலே எழுந்து கூரையில் பட்டுப் பரவியது. வெயிலில் காயும் மீன்வலையின் நாற்றம். அக்கா இடுக்கியால் கல்லைப் புரட்டிப் போட்டு மறுபடி மூடினார். மேசையில் வாயாடி மூக்கைப் பிடித்துக்கொண்டே யாருக்கோ தேனாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஏணியோடு வந்துவிட்டேன்.

மதியம் என் நாக்கு கசந்தது. தண்ணீரே கசந்தது. சாயங்காலத்துக்குள் குளிர் வந்து உடம்பு நடுங்கியது. எதிர் வீட்டில் இருமல் கேட்டது, நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால் வாயாடி கட்டிலில் குறுகி உட்கார்ந்து, வாயைப் பிளந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். இழுப்பு மருந்து இழுத்தும் பலன் இல்லை. அவளுக்குக் குளிருகிறது என்று அக்கா எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார். அவருக்கும் பல் கிடுகிடுத்தது. "பழைய இழுப்புதான் தம்பி, விட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே நின்றவர் சுவரைப் பிடித்தார். அண்ணன் தங்கையை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா வேலை செய்யும் மருத்துவமனைக்கே போனோம். எங்கள் மூவருக்கும் மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். வாயாடியை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் மற்ற இருவரும் சாப்பிட்டதையே சாப்பிட்ட அண்ணன் மட்டும் ஒன்றும் ஆகாமல் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அக்காவின் கைபேசி என்னிடம் இருந்தது. அடித்தது. மீன் கடைக்காரர். "வீடு பூட்டியிருக்கேங்க. கல்லு எங்க வச்சிருக்கீங்க?" என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், கல் அடுப்பிலேயே பாத்திரத்தில் கிடக்கும், அக்கா அதைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்துவிட்டார் என்றேன்.

"கொதிக்க வச்சாங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது. "சார், அந்த ஆவியை யாராவது மூச்சுல இழுத்தீங்களா? அந்தப் பூவுக்குள்ள இருக்கறது சாதா விஷம் இல்ல சார். தண்ணிக்குள்ள இருக்கறவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். கொதிச்சா ஆவியில ஏறிடும். ஆளையே கொல்லும். டாக்டர் கிட்டச் சொல்லுங்க, உடனே சொல்லுங்க!" நான் எழுந்தேன். அவர் அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்: "எனக்குச் சொல்லத் தோணலையே சார். கல்லை யாராவது அவிப்பாங்களா?"

மருத்துவரிடம் சொன்னேன். அவர் யார் யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, ஆமாம் என்றார். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாதாம். மூச்சை ஓட்டிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதானாம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டார். அழவில்லை. "நானா?" என்று மட்டும் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். எத்தனையோ முன்பின் தெரியாத உடம்புகளைக் காப்பாற்றிய அந்தப் பழக்கமே, மேசையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் மூச்சை நிறுத்தப் பார்த்துவிட்டது. இதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

எங்களுக்குச் சீக்கிரம் சரியாகிவிட்டது. வாயாடியின் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரம் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள். பிழைப்பாளா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்திருப்பார்.

கடைக்காரர் முகமூடியும் கையுறையும் போட்டு வந்து, அந்தக் கல்லைப் பாத்திரத்தோடு மூட்டை கட்டி எடுத்துப்போனார். மற்ற கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவற்றில் ஒன்றுமில்லை என்றார். ஜன்னல்களைத் திறந்துவைத்து, வீட்டையே ஈரத் துணியால் துடைத்தோம். தொட்டியை இனி யாரும் சீண்டப் போவதில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் கதவு திறந்திருந்தது. அண்ணன் தொட்டிக்கு முன்னால் நின்று, மீனே இல்லாத தண்ணீரில் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் வந்தது. தங்கை அங்கே கிடக்கிறாள்.

"தீனி போடலைன்னா கிருமி செத்துடுமாம் தம்பி" என்றார். தூவி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "ஒருநாள் அவ வந்து பார்ப்பா. இதுவும் செத்துக் கிடந்தா, அதையும் தன் கணக்குலதான் எழுதிப்பா." அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாயாடி பிழைத்துவிட்டாள். குழாயை எடுத்த அன்று அவள் முதலில் சொன்னது என்ன என்று யாருக்கும் புரியவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. நாளாக நாளாகக் குரல் கொஞ்சம் திரும்பியது. பழைய தேன் இல்லை, மரத்தை அறுக்கிற சத்தம். அலுவலகத்தில் அவளைப் பேச்சு வேலையிலிருந்து எடுத்து எழுத்து வேலையில் போட்டார்கள். "இனிமே நான் டைப் அடிச்சுத்தான் திட்டணும் அண்ணி" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நீராவிப் பெட்டியின் கதவு திறந்து ஆவி கிளம்பினால் அவர் அறையை விட்டு ஓடிவிடுகிறாராம். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு அவரைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார். வீட்டில் எல்லோரும் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

வாயாடி வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மீன் எங்க?" என்பது.

"அதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்" என்றார் அக்கா.

"என்னது, தூக்கிப் போடறதா? என் உசுரை அடமானம் வச்சு வாங்கின தொட்டி அது. ஒரு மீனையாவது கண்ணுல காட்டுங்க அண்ணி." இவ்வளவையும் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அக்காவின் தாடை இறுகியது. அண்ணன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

கோமாளி மீன், என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்தார்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் கலக்கக் கூடாது, மீனை மட்டும் வலையில் அள்ளி விட வேண்டும். அக்கா வலையைக் கையில் எடுத்தார். "நீங்க விடுங்க" என்று கணவரிடம் நீட்டிவிட்டார். வாயாடி நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, கண்ணாடியில் மூக்கு படும்படி உட்கார்ந்துகொண்டாள். ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீடு தாங்காது என்றுதான் எனக்கு ஓடியது.

வலை கவிழ்ந்தது. மீன் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு உடம்பை ஒரு வெட்டு வெட்டி, கற்களுக்கு நடுவே பாய்ந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. "போயிடுச்சு! அண்ணி, இதோ வருது பாருங்க, இதோ!" என்று வாயாடி கத்தினாள். கத்தியதில் ஒரு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல்தான், யாருக்கும் வருகிற மாதிரி. அண்ணனும் நானும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணி, மீன் அங்க இருக்கு" என்று வாயாடி சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலிக்குப் பின்னால் மண்டி போட்டிருந்தார். வாயாடியின் முதுகில் காதை அழுத்தி வைத்து, கண்ணை மூடியிருந்தார்.

"இருக்கட்டும்" என்றார். "இன்னொரு தடவை மூச்சை இழுத்து விடு."

வாயாடி மெதுவாக இழுத்து விட்டாள். அக்கா காதைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்துக்கொண்டார்.